முழவுத் தோலும் அலையியலும்

மடுல்சீமை மலைத்தோட்டங்களில் ஒரு காலத்திலே பொழுது புலர்வதைத் தப்பொலியே அறிவித்தது. இருள் நீங்குமுன் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி அடிக்கப்பட்ட அத்தப்பு, லயங்களிற் கிடந்த தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அதன் ஓசை பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மலையில் மோதி மீண்டது. இன்று அவ்வழக்கம் அருகிவிட்டது. காமன் கூத்திலும், திருவிழாவிலும், இறுதி ஊர்வலத்திலுமே தப்பைக் கேட்கின்றோம். அதே தோட்டத்துக் கோயிலிற் கச்சேரி நிகழுமாயின் மேடையேறுவது மிருதங்கம்; தப்போ கோயில் வாயிலுக்கு வெளியே நிற்கின்றது.

அலைகள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மிருதங்கத்துக்குச் சுருதி இருக்கிறது, தப்புக்கு ஏன் இல்லை?" என்று வினவினான். வகுப்பிற் சிலர் நகைத்தனர். அவனுடைய தந்தையார் தப்படிப்பவர் என்பதை யான் பின்னரே அறிந்தேன். நகைத்தற்கு அவ்வினாவில் யாதுமில்லை. நோபெல் பரிசு பெற்ற தமிழர் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்ததும், இந்நூற்றாண்டிலே சென்னை ஆராய்ச்சி நிலையமொன்றில் கணினி கொண்டு கணிக்கப்பட்டதும் அவ்வினாவின் மறுபாதியேயாகும். அவ்வாராய்ச்சியின் வரலாற்றையும், அவ்வரலாற்றிலே பெயர் எழுதப்படாது நின்ற சிலரையும் நினைவுகூர்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

அதிரும் பொருள்களுள் எளிமையானது நரம்பு. இரு முனையும் கட்டிய நரம்பொன்றை மீட்டினால் அது முழுமையாக அதிர்வதோடு, இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் தன்னைப் பிரித்துக்கொண்டும் அதிரும். ஆதலின் அடிப்படைத் தொனியோடு அதன் 2, 3, 4 மடங்கு மீடிறனுடைய மேற்றொனிகளும் உடன் எழுகின்றன. இவை முழு எண் விகிதத்தில் நிற்பதனாற் செவி அனைத்தையும் கூட்டி ஒரே சுரமாகக் கொள்கின்றது. யாழும் வீணையும் இனிமை பயப்பது இவ்விதியினால். நம் ஈழத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. அவர் நரம்புகளின் நீளங்களையும் சுரங்களின் விகிதங்களையும் கணித்து, வழக்கொழிந்த யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டில் அரங்கேறியது. இலக்கியமும் பௌதிகமும் ஒரு நூலிலே கைகோத்து நிற்றலை அங்கே காணலாம்.

தோலின் நிலை வேறு. வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் எங்கும் ஒரே கனமுடையதாயின், அதன் தொனிகளின் மீடிறன்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்றவாறு அமையும். இவற்றுள் ஒன்றேனும் அடிப்படைத் தொனியின் முழு மடங்காக இல்லை. ஆகவே செவி அவற்றை ஒரு சுரமாகக் கோத்துக்கொள்ள இயலாது, முழக்கமாக மட்டும் உணர்கின்றது. அதிரும் மென்றோலின் கணிதத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒயிலர் தொடக்கிவைத்தார். ஜேர்மானியராகிய கிளாட்னி, அதிரும் தகட்டின்மேல் மணலைத் தூவி, அது அசைவற்ற கணுக்கோடுகளில் ஒதுங்கி வரையும் கோலங்களை 1787 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ரேலி பிரபு 1877, 1878 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ஒலிக்கொள்கை என்னும் நூல் இத்துறையின் பெருங்களஞ்சியம். ஆயினும் மேனாட்டார், டிம்பானி முரசு போன்ற சில நீங்கலாக, தோற்கருவிகளைத் தாளத்துக்கு மட்டும் உரியனவாகவே பெரும்பாலும் கருதினர்.

நம்மவர் கருத்து அதுவன்று. முழவுக்கு மண் பூசும் வழக்கம் சங்கச் செய்யுள்களிலே பேசப்படுகின்றது. உரையாசிரியர்கள் அதனை மார்ச்சனை என்பர். மிருதங்கத்தின் வலந்தலையில் இன்று நாம் காணும் கரிய வட்டம் அம்மரபின் வழிவந்தது. கரணை என்றும் சோறு என்றும் அது வழங்கும். கற்பொடியைச் சோற்றுடன் பிசைந்து, மெல்லிய படையாக இட்டு, கல்லால் தேய்த்து உலர்த்தி, அதன்மேல் மற்றொரு படையிட்டு, இவ்வாறு பல படைகள் ஏற்றப்படும். இவ்வட்டம் எதற்காக? கேட்டோர் பலராயினும், பௌதிகத்தின் மொழியில் இதற்கு விடை கண்டவர் சந்திரசேகர வேங்கட இராமன்.

திருச்சிராப்பள்ளியில் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று, 1907 ஆம் ஆண்டில் நிதித்துறை உத்தியோகத்தராகக் கல்கத்தா சென்றார். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு. காலையும் மாலையும் மகேந்திரலால் சர்க்கார் 1876 ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞான விருத்திச் சங்கத்தின் ஆய்வுகூடம். இவ்வாறு பத்தாண்டு கழிந்தன. 1917 ஆம் ஆண்டிலேயே அவர் உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஒளிச்சிதறல் பற்றிய கண்டுபிடிப்புக்காக 1930 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர் என்றே உலகம் அவரை அறியும். ஆயின் அதற்கு முன்னர் அவருடைய உழைப்பிற் பெரும்பகுதி ஒலியலைகளிலேயே சென்றது. வயலின் வாசிக்கும் தந்தையின் மகனாகிய அவர், வில்லால் இழைக்கப்படும் நரம்பின் அதிர்வு பற்றி 1918 ஆம் ஆண்டில் தனி நூல் எழுதினார். வீணையினதும் தம்புராவினதும் வளைந்த குதிரை அவற்றின் நாதத்தை எவ்வாறு செழிப்பிக்கின்றது என்பதையும் ஆராய்ந்தார்.

இராமனும் சிவகாளி குமாரும் 1920 ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் ஆங்கில விஞ்ஞான இதழிற் சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். மிருதங்கமும் தபேலாவும் நரம்புக் கருவிகளைப் போன்று இசைவுடைய மேற்றொனிகளைத் தருகின்றன என்பதே அதன் சாரம். பின்னர் பெங்களூரிலே, தாம் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் 1934 ஆம் ஆண்டில் விரிவான கட்டுரை எழுதினார். அதற்கு அவர் கையாண்ட கருவி மெல்லிய மணலே. தோலின்மேல் மணலைத் தூவி, ஓரிடத்தை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தை அடித்தால், மணல் கணுக்கோடுகளிலே ஒதுங்கும். மிருதங்க வித்துவான், தோலின்மீது ஒரு விரலை ஊன்றி மற்றொரு விரலால் அடிக்கும்போது செய்வதும் இதுவே. வேண்டாத அதிர்வை அடக்கி வேண்டிய அதிர்வை எழுப்புதல் என்பது அவர் விரலுக்கு முன்னமே தெரிந்த பௌதிகம்.

இவ்வாராய்ச்சியின் முடிவு வியப்புக்குரியது. கரணையிட்ட தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து தொனிகளாகத் திரள்கின்றன. முதற்றொனியும் இரண்டாந்தொனியும் ஒவ்வோர் அதிர்வால் ஆயவை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இரண்டிரண்டு அதிர்வுகள், ஐந்தாவதற்கு மூன்று. தனித்தனியே வெவ்வேறு மீடிறன் கொண்டு ஒன்றோடொன்று பிணங்க வேண்டிய அதிர்வுகள், கரணையின் பாரத்தினால் ஈர்க்கப்பட்டு, 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண்களிலே வந்து கூடுகின்றன. தோலின் நடுவே கனத்தைக் கூட்டி, ஓரத்திற் குறைத்தமையால் விளைந்த பயன் இது. ஊடகத்தின் அடர்த்தி இடத்துக்கிடம் வேறுபடின் அதனூடு செல்லும் அலையின் இயல்பும் வேறுபடும் என்னும் பொதுவிதியே இங்கு தொழிற்படுகின்றது.

அதே விதி அடுத்த ஆண்டிலேயே இராமனை வேறொரு வாயிலுக்கு இட்டுச் சென்றது. 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டிபையும் சியர்சும், பிரான்சிலே லூக்காவும் பிக்காரும் தனித்தனியே ஒரு புதுமையைக் கண்டிருந்தனர். பளிங்குத் தகடொன்றை மின்னால் அதிரச் செய்து, செவிக்கு எட்டாத கழியொலியை ஒரு திரவத்தினுட் செலுத்துவர். செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை அதிரும் ஒலிக்கு நீரில் அலைநீளம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர். அத்திரவத்துக்குக் குறுக்கே மெல்லிய ஒளிக்கற்றையை விடுத்தால், அப்பால் உள்ள திரையில் ஒரு புள்ளிக்குப் பதிலாக இருபுறமும் வரிசையாகப் பல புள்ளிகள் தோன்றும். ஒலியின் வலிமையை மாற்றினால் அப்புள்ளிகளின் பிரகாசமும் ஒழுங்கற்றதுபோல் ஏறியும் இறங்கியும் மாறும்.

பழைய விளக்கங்கள் இதற்குப் போதவில்லை. இராமனும் அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும் 1935, 1936 ஆம் ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகள் மூலம் இதனைத் தெளிவாக்கினர். ஒலியலை திரவத்தினுள்ளே செறிவும் ஐதுமாகிய படைகளை மாறி மாறி உண்டாக்குகின்றது. செறிந்த படையில் ஒளி மெல்லச் செல்லும். ஐதான படையில் விரையும். ஆதலின் தட்டையாக உட்புகுந்த ஒளியலை முகம், நெளிந்த தகரம்போல வெளிவருகின்றது. அந்நெளிவே பல திசைகளிலும் ஒளியைப் பிரித்தனுப்புகின்றது. ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவையும் அவர்கள் பெசல் சார்புகள் எனப்படும் கணித வடிவங்களாற் கணித்தனர். வட்டத்தோலின் அதிர்வைக் கணிப்பவையும் இப்பெசல் சார்புகளே என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். லேசர் ஒளியை ஒலியாற் கட்டுப்படுத்தும் இக்காலத்துக் கருவிகளின் அறிவியல் இராமன்–நாத் கொள்கையிலிருந்தே தொடங்குகின்றது. திரவங்களில் ஒலியின் வேகத்தை அளத்தற்கும் இம்முறை பயன்பட்டது.

இனி முழவுக்கே மீள்வோம். மணற் கோலம் எவ்வாறு அதிர்கின்றது என்பதைக் காட்டிற்று. கரணையின் அளவும் கனமும் எவ்வளவாயிருந்தால் தொனிகள் இசையும் என்பதைக் கணிதமே கூற வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தைச் சார்ந்த பி. எஸ். இராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும் 1954 ஆம் ஆண்டில், தோலை இரு வேறு அடர்த்தியுள்ள வட்டங்கள் இணைந்ததாகக் கொண்டு கணித்தனர். உள்வட்டத்தின் ஆரை முழு ஆரையில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்காகவும், அதன் அடர்த்தி வெளித்தோலினதைப் போல ஏறக்குறையப் பத்து மடங்காகவும் இருப்பின் தொனிகள் முழு எண் விகிதத்தை அணுகும் எனக் கண்டனர். இச்சோந்தியே பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே, தொலைபேசியில் நம் குரல் நமக்கே எதிரொலியாய் மீளாது தடுக்கும் முறையை வகுத்தவர்களுள் ஒருவரானார். தபேலாவின் இடக்கைக் கருவியிற் கரிய வட்டம் நடுவைவிட்டு விலகியிருப்பதால் அதன் கணக்குக் கடினமானது. சரோஜினியும் ரகுமானும் 1958 ஆம் ஆண்டில் வேறொரு கணித முறையால் அதனை ஆராய்ந்தனர்.

ஆயின் உண்மையான கரணை சட்டென முடியும் வட்டமன்று. நடுவிலே தடித்து ஓரத்திலே மெலிந்து செல்வது. இவ்வாறு படிப்படியாக மாறும் அடர்த்தியைக் கையாற் கணித்தல் எளிதன்று. சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தில் சதேஜ், அதிகாரி என்னும் இருவர் 2009 ஆம் ஆண்டில் இதனைக் கணினியிலிட்டுக் கணித்தனர். அடர்த்தி எவ்வாறு மாறினாற் தொனிகள் மிகச் சிறப்பாக இசையும் என்பதைக் கணினி தேடிக் கண்டது. அவ்வாறு கிடைத்த எண்கள் பரிசோதனையில் அளந்தவற்றோடு நன்கு பொருந்தின. மணலில் தொடங்கிய ஆராய்ச்சி எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் கணினியில் முற்றுப்பெற்றது எனலாம்.

முற்றுப்பெற்றது எதனைக் காட்டி? அடர்த்தி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கணினி சொன்னதை, முழவு செய்வோர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தனர் என்பதை. அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய ரொசிங்கும் சைக்சும், ஒவ்வொரு படையாகக் கரணை ஏற ஏறத் தோலின் தொனிகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை அளந்து 1982 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிணங்கிநின்ற மீடிறன்கள் படை ஏறுந்தோறும் மெல்ல மெல்ல இணங்கி வருதலை அவ்வளவீடு காட்டிற்று. கைவினைஞன் ஒரு படையைத் தேய்த்து உலர்த்தித் தட்டிப் பார்ப்பதும், செவி கொடுத்துக் கேட்பதும், மறுபடை இடுவதும் அவ்வளவீட்டையே. பரிசோதனை என்பதற்கு இதனினும் தகுந்த இலக்கணம் யாது?

இராமன் தம் கட்டுரைகளிலே முன்னோரின் அறிவைப் போற்றினார். முன்னோர் என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பசுவினதும் எருமையினதும் ஆட்டினதும் தோலைத் தேர்ந்து, பதமிட்டு, வார் பிடித்து, கரணையிட்டவர்களுட் பெரும்பாலோர் தீண்டத்தகாதோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட குலங்களிற் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பகுதியில் இத்தொழிலைச் செய்த குடும்பங்களுட் பல கிறித்தவக் குடும்பங்கள். வித்துவான் பாலக்காடு மணி ஐயருடைய மிருதங்கங்களின் நாதத்துக்குப் பின்னே பர்லாந்து என்னும் கைவினைஞரின் கரங்கள் இருந்தன. இசைவாணர் டி. எம். கிருஷ்ணா 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செபாஸ்தியன் அன்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் இத்தகையோரின் வரலாற்றை விரித்துரைக்கின்றது. மேடையில் ஒலித்த கருவி பூசை பெற்றது; அதனைச் செய்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். விஞ்ஞான வரலாறு எழுதுவோர், கணித்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் எழுதினாலன்றி அவ்வரலாறு நிறைவுறாது.

மாணவன் வினாவுக்கு விடை இப்பொழுது எளிது. தப்பின் தோலிற் கரணை இல்லை. அதன் அடர்த்தி எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அதன் தொனிகள் ஒரு சுரமாகக் கூடுவதில்லை. இது குறையன்று. குறித்த சுரம் இன்மையால் அது எப்பாடகர் எச்சுருதியில் எடுத்தாலும் முரணாது உடன் செல்லும். தப்படிப்பவர் தோலை நெருப்பிற் காய்ச்சுவதிலும் விதியுண்டு. மலைப்பனியில் ஈரமேறித் தளர்ந்த தோல் வெம்மையால் உலர்ந்து இறுகுகின்றது. இழுவை நான்கு மடங்காகின் மீடிறன் இரு மடங்காகும் என்று நாம் கரும்பலகையில் எழுதுவதை, அவர் விறகின் சுவாலையில் அறிந்து, போதுமென்று செவி சொல்லும் கணத்திலே தோலை நெருப்பினின்று அகற்றுகின்றார்.

விடியற்காலையில் தப்பொலி நெடுந்தூரம் கேட்டமைக்கும் காரணம் உண்டு. இரவில் நிலம் குளிர, பள்ளத்தாக்கின் அடியிலே தண்காற்றுத் தேங்குகின்றது. அதன்மேல் வெப்பமான காற்றுப் படர்கின்றது. வெப்பம் ஒரு பாகை கூடினால் ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் அளவு கூடும். மேலே விரைந்தும் கீழே மெல்லவும் செல்லும் ஒலியலை, முறிவடைந்து நிலத்தை நோக்கி வளைகின்றது. வானிற் சென்று வீணாகாது அது அடுத்த லயத்தை அடைகின்றது. நண்பகலில் நிலைமை மாறிவிடும். ஐந்நூறு மீற்றர் தொலைவிலுள்ள எதிர்மலையிலிருந்து எதிரொலி மீள ஏறக்குறைய மூன்று செக்கன் செல்லும். அதனைக் கடிகாரத்தால் அளந்து ஒலியின் வேகத்தை மாணவர் தாமே கணிக்கலாம். தோலிலே கரணை, திரவத்திலே கழியொலி, பள்ளத்தாக்கிலே தண்காற்று ஆகிய மூன்றும் ஊடகத்தின் வேறுபாடு அலையை மாற்றும் என்னும் ஒரே விதியின் மூன்று காட்சிகள்.

மறு வாரம் அம்மாணவனின் தந்தையார் எம் வேண்டுகோளுக்கிணங்கித் தம் தப்புடன் பாடசாலைக்கு வந்தார். முற்றத்தில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சினார். தப்பை மேசைமேற் கிடத்தி, உலர்ந்த நுண்மணலைத் தூவினோம். அவர் ஒரு விரலால் நடுவை மெல்லத் தொட்டுக்கொண்டு ஓரத்திற் பலமுறை தட்டினார். மணல் நகர்ந்து, நடுவினூடே ஒரு கோடாக ஒதுங்கிற்று. பெங்களூரில் இராமன் கண்டதும் இத்தகைய கோடுகளையே. முன்பு நகைத்த மாணவர் மேசையைச் சூழ்ந்து நின்று, எந்த இடத்தைத் தொட்டால் எக்கோலம் வரும் என்று அவரையே கேட்டனர். அவரும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

மலைநாட்டு மாணவர் பலர், விஞ்ஞானம் என்பது தம்மூரில் இல்லாத ஆய்வுகூடங்களில் மட்டும் வாழ்வது என்று எண்ணி ஏங்குகின்றனர். ஆய்வுகூடங்கள் வேண்டும், அவற்றைக் கேட்டுப் பெறுதலும் வேண்டும். அதற்கிடையே, ஒரு பிடி மணலும் ஒரு தோலும் ஒரு வினாவும் இராமனுக்குப் போதியனவாயின என்பதையும் மறத்தலாகாது. அத்தோலைக் கட்டியவர் நம் மலைகளிலேயே வாழ்கின்றார். அவரைப் பாடசாலை வாயிலுக்கு உள்ளே அழைத்தல் ஆசிரியராகிய நம் கடன்.